பகுத்தறிவு யாருடைய சொல்?

எமது கிராமச் சங்கங்களின் கூட்டமொன்றில் அண்மையில் ஒரு சிறு வாக்குவாதம் எழுந்தது. வீட்டுக் காணிக்கு அனுமதிப்பத்திரம் இன்னும் வந்துசேராமைக்கு என்ன காரணம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, முதியவர் ஒருவர், "எல்லாம் நம்ம தலையெழுத்து" என்றார். இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, தலையெழுத்தை விடுங்க. கொஞ்சம் பகுத்தறிவோட யோசிப்போம்" என்றார். முதியவருக்குச் சுருக்கென்றது. "தம்பி, அது சாமி இல்லைன்னு சொல்றவங்க பேச்சு. சாமியாரை வச்சுக்கிட்டே பேசுறியா?" என்று கேட்டுவிட்டு எம்மைப் பார்த்தார். கூட்டத்தில் இருந்த அத்தனை கண்களும் எம் பக்கம் திரும்பின.

அன்று நாம் இரண்டு வார்த்தை சொல்லிச் சமாளித்தோம். ஆயினும் அந்தக் கேள்வி எம்மை விடவில்லை. பகுத்தறிவு யாருடைய சொல்? கடவுளை மறுப்போருடைய சொல்லா? படித்தவர்களுடைய சொல்லா? அல்லது காணியையும் வீட்டையும் விட்டுப் பெயர்ந்து, புதிய மண்ணில் அடுப்பு மூட்டும் எமது மக்களுடைய சொல்லா? இவ்விதழில் இதைப்பற்றிச் சற்று விரிவாகச் சிந்திக்க விரும்புகிறோம்.

வேரும் கிளைகளும்

பகுத்தறிவு என்பதில் இரு சொற்கள் உண்டு: பகுத்தல், அறிதல். ஒன்றாகக் கிடப்பதைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்த்து, எது எது என்று தெரிந்துகொள்வதே பகுத்தறிவு. இதற்குப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டுமென்பதில்லை. சுளகைக் கையில் எடுக்கும் எந்தத் தாய்க்கும் இது தெரியும். நெல்லும் பதரும் கல்லும் ஒன்றாய்க் கிடக்கையில் அவள் மொத்தத்தையும் உலையில் போடுவதில்லை. மொத்தத்தையும் குப்பையில் கொட்டுவதுமில்லை. புடைக்கிறாள், கொழிக்கிறாள், பொறுக்குகிறாள். உண்ணத்தக்கது ஒருபுறம், எறியத்தக்கது மறுபுறம் என்று ஆகிறது. சுளகு செய்யும் வேலையை மனம் செய்தால் அதற்குப் பெயர் பகுத்தறிவு.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின்படி ஆறு வகையாக்கினார். புல்லும் மரமும் ஓரறிவு உடையவை என்று தொடங்கி ஆறாவது அறிவுக்கு வந்தபோது, அதனை மனம் என்றார். கண்டும் கேட்டும் தொட்டும் அறிந்தவற்றைப் பிரித்து ஆராய்வது அந்த ஆறாம் அறிவின் வேலை. மனிதனாய்ப் பிறந்த எல்லாருக்கும் அது உண்டு. உறுதி உள்ளவனுக்கு மட்டும் என்றோ, ஊர் உள்ளவனுக்கு மட்டும் என்றோ அவர் எழுதி வைக்கவில்லை.

பகு என்ற வேரிலிருந்து கிளைத்த வேறு சொற்களையும் கவனியுங்கள். பகுதி, பகுப்பு, பகிர்வு எல்லாம் இவ்வேரைச் சேர்ந்தவை. இரவையும் வெளிச்சத்தையும் பிரித்து நிற்கும் பகலையும் இவ்வேரோடு சேர்ப்பர் சொல்லாராய்ச்சியாளர். மனிதரைப் பிரிக்கும் பகை என்ற சொல்லையும் இக்குடும்பத்திலேயே வைப்பர். ஒரே வேரில் பகலும் இருக்கிறது, பகையும் இருக்கிறது, பகிர்வும் இருக்கிறது! எதைப் பகுக்கிறோம், எதற்காகப் பகுக்கிறோம் என்பதைப் பொறுத்தே இம்மூன்றில் எது விளையும் என்பது அமைகிறது. இதனை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

சொல் கட்சி மாறிய கதை

அந்த முதியவரின் கோபத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் ஈ.வெ.ரா. பெரியார் 1925இல் 'குடிஅரசு' இதழைத் தொடங்கிச் சாதிக்கும் மூடப் பழக்கத்துக்கும் எதிராக எழுதினார். 1930களின் நடுப்பகுதியில் 'பகுத்தறிவு' என்ற பெயரிலேயே இதழ் நடத்தினார். அவரது இயக்கத்தில் இச்சொல் ஒரு கொடியாயிற்று. பிற்காலத்தில், 1970இல், பகுத்தறிவாளர் கழகம் என்ற அமைப்பும் உருவாயிற்று. கடல் கடந்து இக்காற்று எமது மலையகத் தோட்டங்களிலும் வீசியது. திராவிட இயக்கத்தின் பேச்சும் நாடகமும் வாசிப்பும் லயத்து இளைஞர்களுக்குத் தலைநிமிர்வைத் தந்தன என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

கோவில்களும் ஆலயங்களும் இதனைக் கண்டு அஞ்சின. அஞ்சியவர்கள் என்ன செய்தார்கள்? வாதத்துக்குப் பதில் சொல்வதற்கு முன்னர், சொல்லையே எதிரியிடம் விட்டுக்கொடுத்தார்கள். பகுத்தறிவு என்றால் நாத்திகம் என்ற எண்ணம் எமது பங்குகளிலும் பரவியது. விட்டுக்கொடுத்த காணியில் வேறொருவர் வேலி போட்டால் குற்றம் யாருடையது?

உண்மையில் எமது திருச்சபையின் மரபில் இச்சொல்லுக்கு மதிப்பான இடம் உண்டு. மனிதன் பகுத்தறிவுள்ள படைப்பு என்று சொல்லித்தான் ஞானோபதேச வகுப்புகளில் மனிதனை விலங்கிலிருந்து வேறுபடுத்தினார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித அக்குவினாஸ் தோமையார் தமது பெருநூலில் ஒவ்வொரு கேள்வியையும் கூறுகளாக்கி, முதலில் எதிர்வாதங்களை வரிசையாக வைத்து, அதன்பின்னரே தம் விடையைச் சொன்னார். எதிராளியின் வாதத்தை மறைக்காமல் எழுதிய பின்னர் விடைசொல்லும் துணிவு அது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1998இல் வெளியிட்ட 'ஃபீதேஸ் எத் ராத்சியோ' என்னும் சுற்றுமடலில், நம்பிக்கையும் பகுத்தறிவும் ஒன்றுக்கொன்று தேவையானவை என்று விளக்கினார். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நல்லதைப் பற்றிக்கொள்ளும்படி தெசலோனிக்கருக்குப் பவுலடியார் எழுதியதும் இதையேதான்.

வள்ளுவர் அறிவுடைமைக்கு ஒரு தனி அதிகாரமே தந்தார். சொல்பவர் யார் என்று பாராமல், சொன்னதில் உள்ள உண்மையைக் காண்பதே அறிவு என்பது அவர் காட்டிய வழி. அவ்வாறெனில், நல்ல சொல்லொன்று யார் வாயிலிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ள நாம் ஏன் தயங்க வேண்டும்? எனவே, முதியவரின் கேள்விக்கு எமது முதல் விடை இதுதான்: பகுத்தறிவு கடவுளுக்கு எதிரான சொல் அன்று. கடவுள் தந்த கொடையின் பெயர் அது.

நாம் தவறிய இடம்

ஆனால், இந்தக் கொடையை நாமே பயன்படுத்தாது விட்ட நாளொன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இம்மாவட்டத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் ஒரு படிவம் கொண்டுவரப்பட்டது. தமக்குச் சேரவேண்டிய நட்டஈடு முழுவதும் கிடைத்துவிட்டது என்று ஒப்பமிட வேண்டும். ஒப்பமிட்டால் கடைசித் தவணைப் பணம் உடனே வரும் என்றார்கள். பலருக்குக் கடன் இருந்தது; பிள்ளைகளின் பாடசாலைச் செலவு இருந்தது. மக்கள் எம்மிடம் ஆலோசனை கேட்டார்கள். நாம் படிவத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "நல்லது, ஒப்பமிடுங்கள். இத்தோடு பிரச்சினை முடியட்டும்" என்றோம்.

வரிசையில் நின்ற ஒரு வயதான தாய், எழுத வாசிக்கத் தெரியாதவர், எம்மிடம் கேட்டார்: "சாமி, இந்தத் தாள்ல எத்தனை விசயம் இருக்கு?"

"ஒரு விசயம்தான் அம்மா. காசு கிடைச்சிருச்சுன்னு எழுதியிருக்கு" என்றோம்.

"ஒண்ணுதானா? எங்க வீடு ஒண்ணு, காணி ஒண்ணு, கெணறு ஒண்ணு, மொளகுக் கொடி ஒண்ணு. நாலுக்கும் சேர்த்து ஒரு கைநாட்டா?" என்றார்.

நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டு, எம்முடைய வார்த்தைக்காகவே பெருவிரலை மையில் வைத்தார்.

சில மாதங்களின் பின்னர் கிணற்றுக்கும், காய்க்கும் பருவத்தில் விட்டுவந்த கொடிகளுக்கும் கணக்குப் போடப்படவில்லை என்று தெரியவந்தது. கேட்கப் போனவர்களிடம் அவர்களுடைய ஒப்பமே எடுத்துக் காட்டப்பட்டது. முழுவதும் கிடைத்தது என்று எழுதிக் கொடுத்தவர்கள் மிச்சத்தைக் கேட்பது எப்படி? அந்தத் தாய் எம்மை ஒருபோதும் குறை சொல்லவில்லை. ஞாயிறு தோறும் கோவிலுக்கு வந்து, முன்போலவே தோத்திரம் சொல்லிவிட்டுப் போவார். அதுவே எமக்குப் பெரும் பாரம்.

இதில் பகுத்தறிவு யாரிடம் இருந்தது? குருமடத்தில் மெய்யியல் கற்ற எம்மிடம் அன்று இருக்கவில்லை; கைநாட்டு வைத்த அந்தத் தாயிடம் இருந்தது. ஒன்றாய்க் காட்டப்பட்டதை நான்காய்ப் பார்த்தவர் அவர்தான். படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு என்பதை அன்று கற்றுக்கொண்டோம். மற்றவர்கள் விலை கொடுத்த பின்னரே கற்றுக்கொண்டோம்.

சட்டமே கேட்கும் கணக்கு

பகுத்துப் பார்ப்பது வீண் சந்தேகம் என்று சிலர் நினைக்கிறார்கள். உத்தியோகத்தர்களுக்கு எரிச்சலூட்டும் என்று அஞ்சுகிறார்கள். ஆனால் சட்டமே அதைத்தான் எம்மிடம் எதிர்பார்க்கிறது. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் அரசு ஒரு காணியைச் சுவீகரிக்கும்போது, உரிமை கோருவோரை அழைத்து அறிவித்தல் விடுக்க வேண்டும். உரிமை கோருபவர் தமக்கு அக்காணியில் என்ன உரித்து உண்டு, எவ்வளவு நட்டஈடு கோருகிறார் என்பவற்றோடு, அத்தொகையை எவ்வாறு கணக்கிட்டார் என்ற விபரத்தையும் எழுத்தில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தொகை மட்டும் போதாது, தொகையின் பகுப்பு வேண்டும் என்பது இதன் பொருள். தீர்ப்பான தொகை போதாது என்று கருதினால் 21 நாட்களுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யவும் வழி உண்டு.

"எங்களிடம் உறுதி இல்லையே" என்று சிலர் கேட்கலாம். தன்விருப்பற்ற மீள்குடியேற்றம் தொடர்பான தேசியக் கொள்கையை அமைச்சரவை 2001இல் ஏற்றுக்கொண்டது. ஆவணம் இல்லாத குடும்பங்களும் நீதியாக நடத்தப்பட வேண்டும் என்பது அக்கொள்கையில் அடங்கியுள்ளது. ஒரு கொள்கை சட்டத்தைப்போல் வலுவுள்ளதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதையும் பகுத்தே அறிய வேண்டும். ஆனாலும், கேட்பதற்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, எமது கோப்பில் என்ன இருக்கிறது என்று நாமே கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவைச் சொல்ல வேண்டும்.

ஆகவே எமது வேண்டுகோள் இது. நட்டஈடு என்ற ஒற்றைச் சொல்லை ஒற்றையாய் விடாதீர்கள். நிலம், வீடு, கிணறு, பயன்தரும் மரங்கள், விளைச்சலில் போன போகம், இடம்மாறிய செலவு, போன தொழில் என்று தனித்தனி வரிசையாக எழுதுங்கள். மிளகு, கராம்பு, பாக்கு, தென்னை என்று மரங்களையும் வகை பிரித்து எண்ணி வையுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே, கிடைத்தது எவ்வளவு, கிடைக்காதது எவ்வளவு என்று குறியுங்கள். வெறும் புலம்பலாய் இருந்தது கோரிக்கையாய் மாறுவது அந்த வரிசைகளில்தான்.

மழையையும் பகுத்துப் பாருங்கள்

இன்னொரு விடயம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் மலைநாட்டு மாவட்டங்களில் மண் சரிந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மாத்தளை மாவட்டமும் தப்பவில்லை. அந்தத் துயரத்தின் பின்னர் இரு விதமான பேச்சுகளைக் கேட்கிறோம். ஒன்று, "கடவுளின் தண்டனை" என்பது. மற்றது, "இயற்கையை யார் தடுக்க முடியும்" என்பது. முன்னது பக்திபோல் ஒலிக்கிறது. பின்னது அறிவுபோல் ஒலிக்கிறது. இரண்டுமே எம்மைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் செய்கின்றன.

பகுத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? மழை ஒரு காரணம். சரிவின் செங்குத்து இன்னொரு காரணம். வீடு கட்ட வெட்டிய மண்மேட்டுக்கு அணைச்சுவர் இல்லாமை, அடைபட்ட வடிகான், வேரோடு போன மரங்கள், நிலத்தில் தோன்றிய வெடிப்பைக் கவனியாமை என்று காரணங்கள் தொடரும். பாதுகாப்பான காணி கிடைக்காததால் சரிவில் குடியிருக்க நேர்ந்த வறுமை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. மழையை நாம் தடுக்க முடியாது. மற்றவற்றில் பல மனிதர் கையில் உள்ளவை. கடவுள்மேல் போடும் பழியில் பெரும்பகுதி, பகுத்துப் பார்த்தால், மனிதர் கணக்கிலேயே வந்து விழுகிறது.

மழையையே பகுக்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளாக விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐ எட்டினாலோ, ஒரு மணித்தியாலத்தில் 75ஐக் கடந்தாலோ உடனே வெளியேற வேண்டும் என்பது அவர்கள் மக்களுக்குச் சொல்லிவரும் அளவு. "பெரிய மழை" என்ற சொல்லால் உயிர் தப்பாது. இலக்கம் தெரிந்தால் தப்பலாம். ஒவ்வொரு குடியேற்றத்திலும் ஒரு மழைமானி வைத்து, பாடசாலைப் பிள்ளையொருவரிடம் தினமும் பார்த்துக் குறிக்கும் பொறுப்பைக் கொடுத்தால் என்ன? உத்தியோகபூர்வ எச்சரிக்கை வந்தால் அதற்கே முதலிடம். வருமுன் விழித்திருக்க இது உதவும்.

பிரச்சினையைப் பகுப்போம், மக்களை அல்ல

இனி, பகல், பகை, பகிர்வு என்று முன்னர் சொன்னதற்குத் திரும்புவோம்.

குடியேற்றம் ஒன்றில் தண்ணீர்க் குழாய்க்காகச் சண்டை மூண்டது. மேற்பக்கம் சிங்களக் குடும்பங்கள், கீழ்ப்பக்கம் தமிழ்க் குடும்பங்கள். "அவர்கள் எங்கள் தண்ணீரை மறிக்கிறார்கள்" என்று கீழே சொன்னார்கள். "அவர்கள் குழாயை உடைக்கிறார்கள்" என்று மேலே சொன்னார்கள். இரு பக்கத்திலிருந்தும் நால்வர் நால்வராக எட்டுப் பேர் சேர்ந்து, ஊற்றிலிருந்து கடைசிக் குழாய் வரை நடந்து பார்த்தார்கள். ஊற்றில் எவ்வளவு வருகிறது என்று வாளி வைத்து அளந்தார்கள். தொட்டி கசிந்துகொண்டிருந்தது. மேற்பக்கத்துக்கும் இரவில்தான் தண்ணீர் ஏறியது. மறித்தவரும் இல்லை, உடைத்தவரும் இல்லை. பாதி வேலையில் விட்டுப்போன தொட்டிதான் இருந்தது. கடிதம் இரு மொழியிலும் எழுதப்பட்டது. எட்டுப் பேரும் ஒன்றாகவே அலுவலகத்துக்குப் போனார்கள்.

இதிலிருந்து நாம் கற்ற பாடம்: பிரச்சினையைப் பகுத்தால் மக்கள் ஒன்றுசேர்வர், பிரச்சினையைப் பகுக்காவிட்டால் மக்கள் பகுக்கப்படுவர்.

மாத்தளையின் வரலாறே இதற்குச் சாட்சி. 1840இன் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், உரித்தை நிரூபிக்க முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியதாகக் கொண்டது. தலைமுறையாய்ச் சேனை செய்த கண்டிய விவசாயியிடம் அதற்குக் கடதாசி இருக்கவில்லை. நிலம் கோப்பித் தோட்டமாயிற்று. புதிய வரிகளும் சேர 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது; புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டுகளில், தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து நிலமற்ற ஏழைகள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாய் இதே மாத்தளையை நோக்கி வந்தார்கள். வழியிலேயே மாண்டவர் பலர். ஒருவன் நிலத்தை இழந்தான். மற்றவன் நிலமில்லாததால் அந்நிலத்தில் கூலியாய் நின்றான். இருவர் துயரத்துக்கும் ஒரே கணக்குப் புத்தகம்தான் காரணம். ஆயினும் பல தலைமுறையாக ஒருவரையொருவர் குற்றம்சாட்ட இருவருக்கும் கற்பிக்கப்பட்டது. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின்போது, காணியற்ற சிங்கள விவசாயிக்கு நியாயம் செய்வதாகச் சொல்லப்பட்ட வேளையில், இம்மாவட்டத்திலும் பல தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வெளியேற நேர்ந்தது. பகை முளைத்த இடங்களிலெல்லாம் பகுத்தறிவு உறங்கியிருந்தது.

நாட்டின் நலன் என்ற சொல்லையும் இவ்வாறே பகுக்க வேண்டும். அம்பன் கங்கையின் குறுக்கே மொறகஹகந்த நீர்த்தேக்கமும், அதன் கிளையாகிய களுகங்கையில் இன்னொரு நீர்த்தேக்கமும் எழுந்தன. 2017, 2018 ஆண்டுகளில் நீர் நிரம்பத் தொடங்கியது. லக்கலையின் பழைய நகரமும் வயல்களும் நீருக்குள் போயின. வடமத்திய மாகாணத்தின் வயல்களுக்கு அந்நீர் போகிறது. 25 மெகாவாற் மின்சாரமும் கிடைக்கிறது. இது நல்லதா, கெட்டதா என்று ஒரே சொல்லில் கேட்டால் விடை கிடையாது. நன்மை யாருக்கு, இழப்பு யாருக்கு, நன்மை பெற்றவரிடமிருந்து இழந்தவருக்கு வரவேண்டியது வந்ததா என்று மூன்றாய்ப் பகுத்துக் கேட்டால்தான் நீதியின் கேள்வி தெளிவாகும்.

நிபுணர்களும் பகுப்பாய்வு செய்கிறார்கள். வரவும் செலவும் அட்டவணைகளில் வருகின்றன. ஆனால் அந்த அட்டவணையில் முன்னோரின் கல்லறைக்கு ஒரு வரிசை இருப்பதில்லை. அயல்வீட்டாரின் உறவுக்கு ஒரு வரிசை இருப்பதில்லை. மக்களைப்பற்றி மற்றவர் செய்யும் பகுப்பாய்வு எப்போதும் பாதிதான். மக்கள் தாமே செய்யும்போதுதான் அது பகுத்தறிவாகிறது. கர்தினால் ஜோசப் கார்டைன் இளந்தொழிலாளருக்குக் கற்பித்த பார், தீர்மானி, செயலாற்று என்ற முறையைத் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1961இல் தமது சமூகச் சுற்றுமடலில் ஏற்றுப் போற்றினார். பிரேசிலில் பாவ்லோ பிறெய்றே எழுத்தறியாத விவசாயிகளோடு அமர்ந்து, எழுத்தோடு சேர்த்து அவர்களது வாழ்வையும் வாசிக்கக் கற்பித்தார். கண்டியில் 1972இல் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் தொடங்கிய சத்தியோதய நிலையம், சிங்கள, தமிழ் உழைப்பாளரின் வாழ்வைச் சேர்த்து ஆராய்வதைத் தன் பணியாகக் கொண்டது. புதிதாய் எதையும் நாம் சொல்லவில்லை, மறந்ததை நினைவூட்டுகிறோம்.

சாலமோனின் வாளும் ஆண்டவரின் அப்பமும்

இரு பெண்கள் ஒரு குழந்தைக்காக வழக்காடியபோது சாலமோன் அரசர் வாளைக் கேட்டார். குழந்தையை இரண்டாய்ப் பகுக்கச் சொன்னார். வாள் குழந்தைமேல் விழவில்லை. ஆனால் பொய்யும் மெய்யும் அங்கே இரண்டாயின. குழந்தை பிழைக்கட்டும், தனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்றவளே தாய் என்று தெரிந்தது. பகுத்தறிவின் வாள் உயிரை வெட்டுவதற்கன்று, உண்மையைக் காட்டுவதற்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று எம் ஆண்டவரே கேட்டார். அவர் பாலை வெளியில் பசித்த மக்களைக் கண்டபோதும், முதலில் எத்தனை அப்பங்கள் உள்ளன என்று பார்த்துவரச் சொன்னார். வரிசை வரிசையாக அமரச் செய்தார். பின்னரே அப்பத்தைப் பிட்டுப் பகிர்ந்தார். எண்ணிப் பார்ப்பதும் இரக்கம் கொள்வதும் அவரிடம் இரண்டாய் இருக்கவில்லை.

வள்ளுவரும், கிடைத்ததைப் பகுத்து உண்டு பல உயிர்களைக் காப்பதைக் கொல்லாமை அதிகாரத்தில் வைத்துப் போற்றினார். பகுத்து உண்ணாதது கொலைக்கு ஒப்பு என்று அவர் எண்ணினார் போலும். பகுத்து அறிதலின் முடிவு பகுத்து உண்ணலாக இருக்க வேண்டும். அறிந்தவன் அறிந்ததைத் தன் வீட்டுக்கு மட்டும் காணி வாங்கப் பயன்படுத்தினால், அதற்குப் பெயர் சாமர்த்தியம், பகுத்தறிவு அன்று.

நாம் செய்யக்கூடியது

ஒவ்வொரு சங்கமும் மாதத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குமாறு வேண்டுகிறோம். ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். இதில் எத்தனை விடயங்கள் கலந்திருக்கின்றன? ஒவ்வொன்றிலும் நாம் கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது? ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் யார்? அதில் எமது கையில் உள்ளது எது, கேட்டுப்பெற வேண்டியது எது? விடைகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெண்கள் முதலில் பேசட்டும். இழப்பின் கணக்கு அவர்களுக்குத்தான் நுணுக்கமாய்த் தெரியும். வாசிக்கப்படாத எந்தத் தாளிலும், எவர் சொன்னாலும், நாமே சொன்னாலும், ஒப்பமிடாதீர்கள்.

தலையெழுத்து என்று சொன்ன அந்த முதியவரை நாம் குறைத்து மதிக்கவில்லை. மூன்று முறை வீட்டைப் பெயர்த்தவர் அவர். தலையெழுத்து என்று நம்பியிராவிட்டால் அவர் நெஞ்சு எப்போதோ வெடித்திருக்கும். அடுத்த கூட்டத்தில் அவர் அருகில் போய் அமர்ந்து, அவரது பழைய வீட்டைப்பற்றி ஒவ்வொன்றாய்ச் சொல்லக் கேட்டோம். முற்றத்துப் பலாமரம், கிணற்றடிக் கல், இரண்டு ஏக்கர் சேனை, வரப்போரத்துப் பாக்கு மரங்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த இளைஞர் கொப்பியில் எழுதினார். எழுதி முடிந்ததும் பெரியவர் கொப்பியை வாங்கி விரலால் ஒவ்வொரு வரியாய்த் தடவிப் பார்த்தார். "தம்பி, மாட்டுக் கொட்டகையை விட்டுட்டியே" என்றார்.

பகுத்தறிவு யாருடைய சொல் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விடையை நாம் அறியோம். அந்தக் கொப்பி எமது கிராமங்கள் தோறும் திறக்கப்படட்டும்.